கன்டெய்னருக்கு முழுப் பெயர் வைப்பது: ஹோஸ்ட்நேம் முதல் தலைகீழ்ப் பதிவு வரை

லினக்ஸ் கன்டெய்னருக்குள் (ஒரு கணினிக்குள் தனித்து ஓடும் சூழலுக்குள்) மெயில் சர்வரையோ, தன் பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும் வேறு ஏதேனும் மென்பொருளையோ முதன்முறையாக நிறுவப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவும் வேலை பெரும்பாலும் எளிதாகவே முடிந்துவிடும். அந்த மென்பொருள் தான் ஓடும் கணினியின் முழுப் பெயரைக் கேட்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல, தனிக் கணினியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே கன்டெய்னருக்குள் செய்து பார்த்தால், அன்றைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, அடுத்த முறை கன்டெய்னர் எழும்போது பழைய பெயரே திரும்ப வந்து நிற்கும். அந்த அல்லலை நான் பட்டாயிற்று. நீங்களும் பட வேண்டியதில்லை.

கட்டுரை முழுவதும் எக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனையும், அதன்கீழ் மெயில் என்ற கன்டெய்னரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மெயில் என்பது குறும்பெயர், மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்பது முழுப் பெயர். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

1. பெயர் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் வழக்கமாக யூடிஎஸ் நேம்ஸ்பேஸ் என்ற தனி அறை உண்டு. அதில் கணினியின் பெயரான ஹோஸ்ட்நேம் இருக்கும். ஹோஸ்ட்நேம் கட்டளையை வெறுமனே அடித்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கும் அந்தப் பெயர் அப்படியே வெளிவரும். அதே கட்டளையை எஃப் தெரிவோடு அடித்தால் நடப்பது வேறு: கெர்னலிடமிருந்து அந்தப் பெயரை வாங்கி, அதற்குரிய முகவரியைத் தேடச் சொல்லி, தேடலில் கிடைக்கும் முதன்மைப் பெயரைக் காட்டுகிறது. முழுப் பெயர் என்பது கெர்னலில் எழுதி வைக்கப்பட்ட ஒன்றல்ல, கேட்கும்போது தேடிச் சொல்லப்படும் விடை என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது.

தேடும் வரிசையை ஈடிசி அடைவில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பு முடிவு செய்கிறது. பெரும்பாலான கணினிகளில் முதலில் ஈடிசி அடைவின் ஹோஸ்ட்ஸ் கோப்பும், அதில் இல்லையென்றால், பெயருக்கு முகவரி சொல்லும் இணையச் சேவையான டிஎன்எஸ்ஸும் பார்க்கப்படும். ஆகவே நம் கவலை மூன்று கோப்புகளைப் பற்றியது: ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்ஸ், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ். கன்டெய்னர்களில் இந்த மூன்றையுமே பெரும்பாலும் வெளியிலிருந்து ஒரு கருவி எழுதித் தருகிறது. அந்தக் கருவி எதுவோ அதனிடம்தான் பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளே போய் எழுதுவது ஆற்றுமணலில் எழுதுவதுதான்.

2. பெயரைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கில எழுத்துகள், எண்கள், இடையில் சிறுகோடு ஆகியவை மட்டுமே ஹோஸ்ட்நேமில் இடம்பெறலாம். சிறுகோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. அடிக்கோடு கூடவே கூடாது. கன்டெய்னர்களை இயக்கும் கருவியான டாக்கரில் சேவைப் பெயர்களில் அடிக்கோடு இட்டுப் பழகியவர்கள் அதை ஹோஸ்ட்நேமிலும் இட்டுவிடுகிறார்கள். உள்ளே எதுவும் உடையாது, ஆனால் சான்றிதழ் வாங்கப் போகும்போது மறுக்கப்படும். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துகளுக்குள்ளும், முழுப் பெயர் 253 எழுத்துகளுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது டிஎன்எஸ் விதி. கெர்னலின் ஹோஸ்ட்நேம் இடமோ 64 எழுத்துகளோடு முடிந்துவிடுகிறது. பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த 64 ஒரு பொறி: முழுப் பெயரையே ஹோஸ்ட்நேமாக வை என்று பாடு எனப்படும் கன்டெய்னர் தொகுப்புக்குக் கட்டளையிட்டு, நேம்ஸ்பேஸ், சேவைப் பெயர் எல்லாம் சேர்ந்து நீளம் 64ஐத் தாண்டினால், பாடு தொடங்காமல் பென்டிங் நிலையிலேயே கிடக்கும்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போன்ற தமிழ் முடிவுகளில் டொமைன் வைத்திருப்பவர்கள், கணினிக்குள் அதன் எக்ஸ்என் எனத் தொடங்கும் மாற்று வடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

வெளியுலகத்துக்குத் தெரியத் தேவையில்லாத கன்டெய்னர் என்றால் டொமைனுக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை. வீட்டு வலையமைப்புக்கென்று ஹோம்.ஆர்பா ஒதுக்கப்பட்டிருக்கிறது, தனியார் பயன்பாட்டுக்காக .இன்டர்னல் என்ற முடிவை, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 2024 ஜூலையில் ஒதுக்கி வைத்தது. .லோக்கல் வேண்டாம். அது, ஒரே வலையமைப்பிலுள்ள கணினிகள் தங்களுக்குள் பெயர் தேடிக்கொள்ளும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு உரியது. சாதாரண டிஎன்எஸ்ஸில் அதைப் பயன்படுத்தினால் சில கணினிகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது, ஏன் என்று தேடியே பொழுது போகும்.

3. ஆவணங்களும் செலவும்

தொழில்நுட்ப வேலையைத் தொடங்கும் முன்பே இவற்றைத் தொடங்கிவிடுங்கள், ஏனெனில் காத்திருப்பு எல்லாம் இங்கேதான்.

டொமைன் பதிவு செய்யும்போது கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி, நீங்கள் அன்றாடம் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும். .காம் போன்ற பொது முடிவுகளில், பதிவுக்குப் பின் வரும் சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு 15 நாட்களுக்குள் பதில் தரவில்லையென்றால் டொமைன் முடக்கப்படலாம். அமைத்துக்கொண்டிருக்கும் மெயில் கன்டெய்னரின் முகவரியையே தொடர்பு முகவரியாகக் கொடுப்பது பெரிய விபரீதம். டொமைன் முடங்கினால், முடக்கத்தை நீக்குவதற்கான கடிதமும் வந்து சேராது. .இன் முடிவுக்கு அடையாளச் சான்று கேட்கப்படலாம் என்பதால், பதிவில் தரும் பெயரும் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவில் கவனிக்க வேண்டியது முதலாண்டு விலையை அல்ல, புதுப்பிக்கும் விலையை. முதலாண்டுக்குத் தள்ளுபடி கொடுத்து அடுத்த ஆண்டிலிருந்து பல மடங்கு வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம். இந்திய நிறுவனங்களில் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி அதன்மேல் வரும். சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. டிஎன்எஸ் சேவைக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. உண்மையில் காசு போகும் இடம் நிலையான பொது ஐபி முகவரி. வீட்டு இணைப்புகள் பலவற்றில் பொது ஐபியே இருக்காது, நூற்றுக்கணக்கானோர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். அங்கிருந்து மெயில் சர்வர் நடத்த நினைப்பது வீண்.

இத்துடன், சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்திடம் இரண்டு கோரிக்கைகள் வைக்க வேண்டியிருக்கும்: ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவு ஒன்று, மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மின்னஞ்சல் அனுப்பும் 25ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்வது மற்றொன்று. பல நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டில் வெளியே போகும் போக்குவரத்தைப் புதிய கணக்குகளுக்கு அடைத்தே வைத்திருக்கின்றன. கோரிக்கையில் ஐபி முகவரி, முழுப் பெயர், என்ன வகையான மின்னஞ்சல், நாளொன்றுக்கு ஏறத்தாழ எத்தனை, பெறுநர்களின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போகும்.

4. டாக்கரில் பெயர் வைப்பது

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் தன் கன்டெய்னர் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளையே ஹோஸ்ட்நேமாக வைத்துவிடும். கன்டெய்னருக்கு நீங்கள் சூட்டிய பெயர் ஹோஸ்ட்நேம் ஆகாது. பின்னால் ரீநேம் கட்டளை கொடுத்தாலும் ஹோஸ்ட்நேம் மாறாது. இரண்டும் வேறு வேறு என்பதை அறியாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

ரன் கட்டளையில் ஹோஸ்ட்நேம் என்ற தெரிவுக்கு மெயில் என்றும், டொமைன்நேம் என்ற தெரிவுக்கு எக்ஸாம்பிள்.காம் என்றும் கொடுங்கள். கன்டெய்னர் அமைப்புகளை ஒரே கோப்பில் எழுதிவைக்கும் கம்போஸைப் பயன்படுத்துபவர்கள் சேவையின்கீழ் அதே இரு பெயர்களில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். முழுப் பெயரையும் ஹோஸ்ட்நேம் என்ற ஒரே தெரிவில் தந்தாலும் டாக்கர் ஏற்றுக்கொண்டு, ஹோஸ்ட்ஸ் கோப்பில் முழுப் பெயர், குறும்பெயர் இரண்டையும் எழுதிவிடும். அப்போது வெறும் ஹோஸ்ட்நேம் கட்டளையும் முழுப் பெயரையே காட்டும். எது வேண்டும் என்பதை உள்ளே ஓடப்போகும் மென்பொருளின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டாக்கர் கன்டெய்னரின் ஹோஸ்ட்நேமை மாற்ற வழியில்லை, நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். கம்போஸில் கோப்பைத் திருத்திவிட்டு அப் கட்டளை கொடுத்தால் அதுவே அதைச் செய்துவிடும். ஆகவே தரவுகள் எல்லாம், கன்டெய்னரை நீக்கினாலும் நிலைக்கும் வால்யூமில் இருக்கின்றனவா என்று அதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளே போய் ஹோஸ்ட்நேம் கட்டளையால் மாற்ற முயன்றால், ரூட் பயனராகவே இருந்தாலும் அனுமதி மறுக்கப்படும். அதற்குரிய அதிகாரத்தை டாக்கர் வழக்கமாகத் தருவதில்லை. ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையும் பயன்படாது, ஏனெனில் பெரும்பாலான டாக்கர் படிமங்களில், அந்தக் கட்டளைக்குத் தேவையான சேவை நிர்வாகியான சிஸ்டம்டி கிடையாது. ஹோஸ்ட்ஸ் கோப்பை, உரை திருத்தும் செட் (sed) கட்டளையால் அந்த இடத்திலேயே திருத்தப் பார்த்தால், கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்று பிழை வரும். கோப்பு வெளியிலிருந்து ஏற்றப்பட்டிருப்பதால், அதை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க இயலாது என்பதே அதன் காரணம். கூடுதல் வரி வேண்டுமென்றால் ஆட்ஹோஸ்ட் என்ற தெரிவு இருக்கிறது.

ஒரு கன்டெய்னர் இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைக்க, நீங்களே உருவாக்கிய வலையமைப்பில் இரண்டையும் சேருங்கள். டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் வலையமைப்பில் பெயர் தேடும் வசதி இல்லை. முழுப் பெயரால் அழைக்க வேண்டுமானால் அந்தப் பெயரை வலையமைப்பின் ஏலியாஸாகவும் (மாற்றுப் பெயராகவும்) எழுதிவிடுவது உறுதியான வழி.

5. இன்கஸ், எல்எக்ஸ்டி, பிராக்ஸ்மாக்ஸ்

இவை கன்டெய்னர்களை நிர்வகிக்கும் வேறு கருவிகள். இவற்றில் கன்டெய்னர் ஒரு முழு இயங்குதளம்போல எழுவதால், உள்ளே ஹோஸ்ட்நேம்சிடிஎல் வேலை செய்யும், கோப்புகளும் திருத்த இடம் கொடுக்கும். அதனாலேயே ஏமாற்றமும் அதிகம்.

இன்கஸிலும் எல்எக்ஸ்டியிலும் கன்டெய்னரின் பெயரே ஹோஸ்ட்நேம் ஆகிறது. அந்தப் பெயரில் புள்ளி அனுமதி இல்லை. எனவே மெயில் என்று மட்டும்தான் வைக்க முடியும். உள் வலையமைப்பின் டிஎன்எஸ் அதை மெயில்.இன்கஸ் அல்லது மெயில்.எல்எக்ஸ்டி என்று பதிந்துகொள்ளும். பிரிட்ஜின் அமைப்பில் டிஎன்எஸ்.டொமைன் என்ற விசைக்கு உங்கள் உள் டொமைனைக் கொடுத்தால் அந்த வால் மாறும். உள்ளே முழுப் பெயர் சரியாக வர, முதல் தொடக்கத்தில் அமைப்புகளைச் செய்துதரும் கிளவுட்இனிட் உள்ள படிமத்தை எடுத்து, கன்டெய்னர் முதன்முறை எழுவதற்கு முன்பே பயனர் தரவில், முழுப் பெயரைத் தரும் எஃப்கியூடிஎன் என்ற வரியையும், மேனேஜ் ஈடிசி ஹோஸ்ட்ஸ் என்ற வரிக்கு ட்ரூ என்ற மதிப்பையும் கொடுங்கள். இந்த இரண்டாவது வரியைப் போட்டபின் ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒவ்வொரு முறை எழும்போதும் வார்ப்புருவிலிருந்து புதிதாக எழுதப்படும். கையால் சேர்த்தவை நிற்கா.

பிராக்ஸ்மாக்ஸில் கன்டெய்னர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது ஹோஸ்ட்ஸ் கோப்பில் பிகின் பிவிஈ, எண்ட் பிவிஈ என்ற இரு குறிப்பு வரிகளுக்கு நடுவே தன் பகுதியை எழுதுகிறது. அந்த நடுப்பகுதியைத் தொடாதீர்கள். அமைப்புத் திரையில் ஹோஸ்ட்நேம் மெயில் என்றும், டிஎன்எஸ் டொமைன் எக்ஸாம்பிள்.காம் என்றும் கொடுத்தால் அந்த வரி சரியாக வரும். டிஎன்எஸ் டொமைன் பெட்டியை வெற்றாக விட்டால் கன்டெய்னரைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் தேடல் டொமைனை (குறும்பெயரோடு ஒட்டித் தேடப்படும் டொமைனை) கன்டெய்னர் எடுத்துக்கொள்ளும், மெயில்.எக்ஸாம்பிள்.காம் வரவேண்டிய இடத்தில் அலுவலகத்தின் உள் டொமைன் வந்து நிற்பது இதனால்தான். முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபியை நம்பாமல் நிலையான ஐபி கொடுங்கள். கோப்பு முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்றால், ஈடிசி அடைவில் புள்ளியில் தொடங்கும் பிவிஈ-இக்னோர்.ஹோஸ்ட்ஸ் என்ற வெற்றுக் கோப்பை உருவாக்கினால் பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்ஸ் பக்கம் வராது.

6. ஹோஸ்ட்ஸ் கோப்பின் அந்த ஒரு வரி

எந்தக் கருவி எழுதினாலும் கடைசியில் இருக்க வேண்டியது இதுதான்:

10.0.3.25 மெயில்.எக்ஸாம்பிள்.காம் மெயில்

முகவரி, அடுத்து முழுப் பெயர், அதன்பின் குறும்பெயர். இந்த வரிசை மாறக்கூடாது. முகவரிக்கு அடுத்து வருவதையே முதன்மைப் பெயராகக் கொள்வதால், குறும்பெயரை முன்னால் எழுதினால் எஃப் தெரிவு குறும்பெயரைத்தான் காட்டும்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. சூடோ கட்டளை கொடுக்கும்போது ஹோஸ்ட் பெயரைத் தேட முடியவில்லை என்று எச்சரிக்கை வருவதைக் கண்டு, 127.0.0.1 வரியில் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின்னால் மெயில் என்று சேர்த்துவிடுவார்கள். எச்சரிக்கை நின்றுவிடும். ஆனால் அதன்பின் முழுப் பெயரைக் கேட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்று விடை வரும், மெயில் சர்வரும் அந்தப் பெயரைச் சொல்லியே வெளியுலகிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளக்கூடும். அந்த வரியில் லோக்கல்ஹோஸ்ட் தவிர வேறெதுவும் வேண்டாம். டெபியன் குடும்பத்தில் 127.0.1.1 என்ற தனி வரி இதற்காகவே வைக்கப்படுகிறது. தனித்து இயங்கும் கன்டெய்னருக்கு அது போதும். பல கணினிகள் சேர்ந்து இயங்கும் மென்பொருள் என்றால், தன் பெயருக்கு உண்மையான முகவரி கிடைக்க வேண்டும் என்பதால், மேலே காட்டியதுபோல வலையமைப்பு முகவரியையே எழுதுங்கள்.

ஹோஸ்ட்நேம் கோப்பில் குறும்பெயரா முழுப் பெயரா என்பது பழைய சண்டை. குறும்பெயர் என்பதே என் பரிந்துரை. சிஸ்டம்டியின் கையேடும் ஒற்றைப் பகுதிப் பெயரையே பரிந்துரைக்கிறது.

7. பொது டிஎன்எஸ், தலைகீழ்ப் பதிவு

உள்ளே எல்லாம் சரியானபின் வெளியே, பெயரை ஐபியோடு இணைக்கும் ஏ பதிவு ஒன்றை மெயில்.எக்ஸாம்பிள்.காம் பெயரில் உருவாக்கி, பொது ஐபிக்குச் சுட்டுங்கள். டொமைனின் மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு சுட்டும் பெயர், இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் சிநேம் ஆக இருக்கக்கூடாது. பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை இப்போதைக்கு 300 விநாடியாக வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் பதிவை மாற்றுவதானால், பழைய டிடிஎல் கழிந்து போகும் அளவுக்கு முன்னதாகவே, முந்தைய நாளே குறைத்துவிடுவது நல்லது. டொமைனின் நேம்சர்வரையே மாற்றுகிறீர்கள் என்றால், .காம் மண்டலத்தில் அந்தப் பதிவின் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதுவரை சிலருக்குப் பழையதும் சிலருக்குப் புதியதும் தெரியும்.

தலைகீழ்ப் பதிவு என்பது ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் பதிவு. இதை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. ஐபி யாருடையதோ அவரே எழுத முடியும். சர்வர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுத் திரையில் சில சமயம் நீங்களே எழுதலாம், இல்லையேல் கோரிக்கை அனுப்ப வேண்டும். கன்டெய்னர், உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றித் தரும் நாட் (NAT) அமைப்புக்குப் பின்னால் இருந்தால், வெளியே தெரிவது ஹோஸ்ட் கணினியின் பொது ஐபிதான். பதிவும் அந்த ஐபிக்குத்தான். ஒரே ஐபியைப் பகிரும் கன்டெய்னர்கள் எத்தனை இருந்தாலும், அந்தப் பதிவில் மெயில் கன்டெய்னரின் பெயரே இருக்கட்டும், மற்றவற்றுக்கு அது தேவைப்படாது. கன்டெய்னருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து அதன்வழியே மின்னஞ்சல் போகுமானால் அதற்கும் தனியாகத் தலைகீழ்ப் பதிவு வேண்டும். அதை எழுத வழியில்லை என்றால், மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ஐபிவி4 மட்டும் என்று அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அனுப்பும் சர்வர்களின் நேர்ப்பதிவும் தலைகீழ்ப் பதிவும் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதால், இதைத் தள்ளிப்போட இயலாது.

இவை முடிந்த பிறகே சான்றிதழுக்குப் போங்கள். ஏ பதிவு பரவும் முன் அவசரப்பட்டு லெட்ஸ் என்கிரிப்டை அழைத்துத் தோற்றுக்கொண்டே இருந்தால், ஒரு பெயருக்கு மணிக்கு ஐந்து தோல்வி என்ற வரம்பில் சிக்கிக் காத்திருக்க நேரும். முதலில் அவர்களுடைய ஸ்டேஜிங் எனும் சோதனைச் சேவையில் சோதித்துவிட்டு உண்மையானதைக் கேளுங்கள். சான்றிதழின் ஆயுள் 90 நாட்கள். புதுப்பிப்பு தானாக நடக்கும்படி அமைத்தபின், புதுப்பித்த சான்றிதழைக் கன்டெய்னருக்குள் இருக்கும் மென்பொருள் மறுபடி வாசிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

8. சரிபார்த்தல்

கன்டெய்னரை ஒருமுறை நிறுத்தி எழுப்புங்கள். டாக்கர் என்றால் நீக்கி மறுபடி உருவாக்குங்கள். இதைச் செய்யாத சோதனை சோதனையே அல்ல.

பிறகு உள்ளே ஹோஸ்ட்நேம் கட்டளையை வெறுமனேயும் எஃப் தெரிவோடும் அடித்துப் பாருங்கள். கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று அடித்து மெயில் என்ற பெயரைக் கொடுத்தால் எந்த முகவரி கிடைக்கிறது என்பதும் தெரியும். டிக் கட்டளையை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ்ஸைக் கேட்பது. அதன் பயன் அடுத்த கட்டத்தில்: வெளியே வேறொரு கணினியிலிருந்து முழுப் பெயரின் ஏ பதிவையும், கிடைத்த ஐபியின் தலைகீழ்ப் பதிவையும் டிக் கொண்டு கேட்டு, புறப்பட்ட பெயருக்கே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் வேறொரு முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, வந்ததன் தலைப்பு விவரங்களைத் திறந்தால், ரிசீவ்ட் வரியில் உங்கள் சர்வர் சொன்ன பெயரும், பெற்றவர் ஐபியிலிருந்து தேடிக் கண்ட பெயரும் அருகருகே இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இருக்காத பெயர் எதை அடித்தாலும் ஏதோ ஒரு முகவரி கிடைக்கிறது என்றால், டொமைனில் நட்சத்திரக் குறியிட்ட பொதுப்பதிவு ஒன்றும், ரிசால்வ் கோப்பில் அதே டொமைன் தேடல் வரியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் பிழையான பெயர்கள்கூடச் சரியானவைபோல நடிக்கும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

கன்டெய்னரை நகலெடுத்து இன்னொன்று உருவாக்குபவர்கள், கருவி பெயரை மாற்றித் தந்தாலும், போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேம், டெபியனின் மெயில்நேம் கோப்பு போன்ற இடங்களில் பழைய பெயர் தங்கியிருக்கும் என்பதால், ஈடிசி அடைவு முழுவதிலும் கிரெப் கட்டளையால் பழைய பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் ஓரிரு நாள் ஒழுங்காக ஓடியபின் டிடிஎல் மதிப்பை 3600க்கு உயர்த்திவிட்டு, டொமைன் புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் ஒரு மாதம் முன்தள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள்.